பஸ் ஒன்றை நம்பி வேலை தேடுகிறவர்களுக்கு: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் தொழில் வழிகாட்டல் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். போக்குவரத்து வசதி இல்லாத ஊரிலிருந்து வேலை தேடுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன். ஏ9 வீதியோரத்தில் (கண்டி–யாழ்ப்பாணம் பெருவீதி) வீடு இருப்பவரும், அங்கிருந்து கிழக்கேயோ மேற்கேயோ பத்துக் கட்டை (மைல்) உள்ளே இருப்பவரும் ஒரே மாதிரி வேலை தேட முடியாது. உள்ளே இருப்பவர் முதலில் பஸ்ஸைத் தேட வேண்டும், அதற்குப் பிறகுதான் வேலையை.

கேள்வி: துணுக்காய்ப் பக்கம், வயது 22, உயர்தரம் முடித்துவிட்டேன். கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் காலை 8 மணிக்கு நிற்கச் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் மாங்குளம் வந்து மாறிப் போனாலும் 8.40 ஆகிவிடும். இரண்டாவது மாதம் நிறுத்திவிட்டார்கள். இதற்கு முன்பும் ஒரு இடத்தில் இதே கதைதான். என்ன செய்ய அக்கா?

தம்பி, வேலை தெரியாமல் உங்களை யாரும் நிறுத்தவில்லை, அதை முதலில் மனதில் எடுங்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் சந்தியில் பஸ் உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த நாள் வரவில்லை, பின்னேரம் கடைசி பஸ் எப்போது என்று இரண்டு கிழமை எழுதுங்கள். எழுதி ஒட்டியிருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். கொண்டக்டரையும் சந்தியில் தேநீர்க் கடை வைத்திருப்பவரையும் கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஓடும் பஸ் என்றால் விடுமுறைக்கு நின்றுவிடும். தை மாதம் சந்தோசமாக வேலைக்குச் சேர்ந்து, சித்திரை விடுமுறையில் சந்தியில் நின்று தவித்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த விவரத்தோடு நேர்முகத்துக்குப் போங்கள். "நான் 8.45க்கு வருவேன், பின்னேரம் 5.30 வரை நிற்பேன், மதிய இடைவேளையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலையை வாங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். முன்பே சொன்னவருக்கு நேரத்தை மாற்றிக் கொடுக்கிற முதலாளிமார் இருக்கிறார்கள். சொல்லாமல் ஒவ்வொரு நாளும் பிந்தி வருபவரிடம் அவர்களுக்கும் பொறுமை இருக்காது.

2010இல் மீள்குடியேறி வந்தபோது நான் ஏழு கட்டை சைக்கிள் மிதித்துப் பரந்தனுக்கு வேலைக்குப் போனேன். அதற்கு முன் ஒரு அலுவலகத்தில் "மாரியில் எப்படிப் பிள்ளை வருவாய்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. நேர்முகத்துக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

இன்னொன்று. கடை, அலுவலகம் போல மணி பார்க்கிற வேலையை விட்டு, முடித்த வேலைக்குக் காசு தரும் இடங்களையும் பாருங்கள்: தளபாடப் பட்டறை, வெல்டிங், மோட்டார் சைக்கிள் திருத்துமிடம். மல்லாவி உங்களுக்குப் பக்கம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பஸ் காசும் மதியச் சாப்பாட்டுக் காசும் மிஞ்சும். இரண்டையும் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கிளிநொச்சிதான் வேண்டுமென்றால், இரண்டு மூன்று பெடியள் சேர்ந்து ஒரு அறை எடுத்து, சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம்.

கேள்வி: விசுவமடு. வேலை இல்லை, ஆனால் மோட்டார் சைக்கிள் இருந்தால் எங்கேயும் போய்த் தேடலாம். லீசிங்கில் எடுக்கட்டுமா?

வேலை கிடைக்கு முன் எடுக்க வேண்டாம். இதில் நான் உறுதியாக நிற்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு கையெழுத்தால் நொந்துபோன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

மாதத் தவணையை மட்டும் பார்க்காதீர்கள். பெற்றோல், காப்புறுதி, வருட வரிப்பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் செலவு எல்லாம் வரும். கிரவல் றோட்டில் தினமும் ஓடினால் டயரும் செயினும் சீக்கிரம் தேயும். தவணை பிந்தினால் வண்டியை எடுத்துப் போவார்கள், கட்டிய காசும் போய்விடும். 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வண்டிகளின் விலையும் நன்றாக ஏறிப்போனது.

வேலை கிடைத்து, மூன்று மாதம் ஒழுங்காகச் சம்பளம் வந்து, தவணையும் ஓட்டச் செலவும் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்றால் அப்போது யோசியுங்கள். அதுவரை நல்ல சைக்கிள் ஒன்று போதும். 2022இல் எரிபொருள் இல்லாதபோது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் சைக்கிளில்தானே வேலைக்குப் போனார்கள். உங்கள் ஊரிலிருந்து பரந்தன் பக்கமோ புதுக்குடியிருப்புப் பக்கமோ மோட்டார் சைக்கிளில் தினமும் போகும் ஒருவர் நிச்சயம் இருப்பார். பெற்றோல் காசில் பாதி தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், அவருக்கும் அது உதவி.

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஆடைத் தொழிற்சாலை பஸ் விடிய 5.30க்கு சந்திக்கு வரும். சந்திக்கு மூன்று கட்டை நடக்க வேண்டும், வழியில் யானை நிற்கும். வேலைக்குப் போகலாமா?

தங்கச்சி, தனியாக அந்த இருட்டில் நடக்க வேண்டாம். எந்தச் சம்பளத்துக்காகவும் வேண்டாம். யானைக்குப் பயப்படுவதைச் சிறிய காரணமாக நினைத்து யாராவது சிரித்தால், அவர் அந்த வழியில் நடக்காதவர்.

ஆனால் வேலையை இப்போதே விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் ஊரில் இந்த வேலைக்குப் போக விரும்பும் பெண்கள் இன்னும் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்தால், எல்லோருமாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்குப் போய், பஸ்ஸை ஊருக்குள் விடச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். தொழிற்சாலைக்கு ஆள் தேவை, ஆறு பேர் ஒன்றாக நின்றால் பேச்சு மாறும். இப்படிப் பஸ் பாதை மாறியதை நான் கண்டிருக்கிறேன். அது சரிவராவிட்டால், ஊரிலுள்ள ஓட்டோக்காரர் ஒருவரோடு மாதக் கணக்குப் பேசி எல்லோருமாகப் பிரித்துக் கட்டுங்கள். ஓட்டோ வெளிச்சத்திலும் சத்தத்திலும் சேர்ந்து போவது, நடப்பதைவிடப் பாதுகாப்பு.

சேரு முன் மூன்று விடயம் கேளுங்கள். பஸ்ஸுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா? மேலதிக நேரம் நின்றால் திரும்பிக் கொண்டுவந்து விடுவார்களா? ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுகாலச் சேமிப்பு) கட்டுகிறார்களா? அதற்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுக்க முதலாளியின் கையிலிருந்து. தனியார் துறைக்கான ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 சித்திரையிலிருந்து 27,000 ரூபாவாக இருந்தது, 2026 தையிலிருந்து 30,000 ரூபா. அதற்குக் கீழே யாராவது சொன்னால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

விடிய நாலரைக்கு எழும்பும் தாய்க்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த ஒருவர் வேண்டும். உங்கள் அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ சம்மதித்த பிறகே சேருங்கள்.

கேள்வி: நெடுங்கேணி. வயது 48. முன்பு காலபோகம், சிறுபோகம் இரண்டிலும் நெல் வெட்டு வேலை இருந்தது. இப்போது மெசின் வெட்டுகிறது. பதினைந்து வருடம் மேசன் வேலையும் தெரியும், ஆனால் சேட்டிபிக்கட் இல்லை.

அண்ணை, கையில் தொழில் இருக்கிறது, தாள்தான் இல்லை. அந்தத் தாளை வகுப்பில் இருக்காமலே எடுக்கலாம். அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலும் விசாரியுங்கள். நீங்கள் கட்டிய வீடுகள், மதில்களின் படங்களைச் சேர்த்து வையுங்கள். கட்டடக் கொந்திராத்துக்காரர்கள் வேலையாட்களை வாகனத்தில் ஏற்றிப் போவார்கள் அல்லது வேலைத் தளத்திலேயே தங்க வைப்பார்கள். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களும் அப்படித்தான், பெண்களையும் எடுப்பார்கள். அது திட்டம் முடிய முடியும் வேலை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

கேள்வி: முழங்காவில். மகன் மோட்டார் தொழில் படிக்க ஆசைப்படுகிறான். தினமும் போய்வர முடியாது.

விடுதி இருக்கும் இடமாகப் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, மோட்டார் வாகனத் துறையும் உண்டு. விண்ணப்பம் எப்போது, விடுதியில் இடம் கிடைக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: முள்ளியவளை. பட்டம் முடித்து மூன்று வருடம் வீட்டில். பஸ்ஸுக்கும் போட்டோக் கொப்பிக்கும் காசு முடிகிறது. அயலில் சோம்பேறி என்கிறார்கள்.

பிள்ளை, ஒரு நேர்முகத்துக்காக மூன்று பஸ் மாறி, மழைக்கு வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் மேவுமோ என்று பயந்து போய்வருகிறவரைச் சோம்பேறி என்பது அநியாயம். அந்தச் சொல்லை வீட்டுக்குள் எடுத்துவராதீர்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் ஒருமுறை நேரில் பதிந்து, தொலைபேசி இலக்கமும் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு கிழமைக்கொருமுறை அழைத்துக் கேளுங்கள். வேலை கேட்டுப் பட்டணத்துக்குப் போவதென்றால், ஒரே நாளில் நான்கு இடம் பார்க்கும்படி சேர்த்து வைத்துப் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ் விடச் சொல்லி யாரிடம் கேட்பது?

இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் சாலை (டிப்போ) முகாமையாளரிடம். தனியார் பஸ் என்றால் வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம். இரண்டு கடிதத்தின் பிரதியையும் பிரதேச செயலாளருக்குக் கொடுத்து, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

"மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்க் கிடக்கும். ஒரு கிழமை சந்தியில் நின்று எண்ணுங்கள்: காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே போகிறார்கள், எத்தனை பேர் வேலைக்கு, எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு. அதை நாள்வாரியாக எழுதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முத்திரையோடும் இணையுங்கள். கொடுத்த பிரதியில் திகதி போட்டுக் கையொப்பம் வாங்கி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதுதான் தேவைப்படும்.