சின்னவளுக்குத் திணிப்பு, பெரியவளுக்குக் குறைப்பு

கேள்வி: என் 9 மாதப் பெண் குழந்தை ஏழரைக் கிலோ இருக்கிறாள். பிறந்தபோது 2.7 கிலோ. டாக்டர் நன்றாக வளர்கிறாள் என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, "பிள்ளை நோஞ்சானா இருக்கே, பால்பவுடர் குடு" என்கிறார். மூத்தவளுக்கு 11 வயது. அவளைத்தான் கொஞ்சம் இளைக்க வைக்க வேண்டும். என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஆர்.கே. புரம், புது தில்லி

பதில்: சின்னவள் விஷயம் சுலபம். அந்த வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நடு எடை 8.2 கிலோ, 6.5-க்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு. 2006-இல் வந்த அந்த அட்டவணைக்காக ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். அதில் தெற்கு தில்லிக் குழந்தைகளும் உண்டு. அதனால் 'வெள்ளைக்காரன் கணக்கு' என்று யாரும் தள்ள முடியாது. தாய்ப்பாலைக் காக்க வந்த 1992-ஆம் வருடச் சட்டம், பால்பவுடர் டப்பாவில் குழந்தைப் படம் போடுவதையே தடை செய்தது. கொழுகொழு கன்னத்தைப் பார்த்தால் தாய் மனம் மயங்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தாய்ப்பாலோடு நெய் விட்ட பருப்புச் சாதம், காய், பழம் என்று வீட்டுச் சாப்பாடே கொடுங்கள்.

மாமியார் மேல் கோபம் வேண்டாம். 1971-இல் இந்தியாவில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. மெலிந்த பிள்ளையைக் கண்டால் அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிய பிறகும், போனில் பாட்டைப் போட்டு, வாய் திறக்கும் நேரம் பார்த்து ஸ்பூனை உள்ளே தள்ளுவது வேண்டாம். 'போதும்' என்று சொல்ல அவளுக்கு வேறு வழி இல்லை.

சரி, எனக்குக் கவலை மூத்தவளைப் பற்றித்தான். அவளுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவள் உயரம், எடை எதுவும் அதில் இல்லை. டாக்டர் சொன்னதாகவும் இல்லை. பிறகு யார் சொன்னது? கொலுவுக்கு வந்த மாமிகளா? அவளையும் ஒரு காலத்தில் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சித்தான் வளர்த்திருப்பீர்கள். இப்போது தங்கைக்குப் போதாது, தனக்கு அதிகம் என்று இரண்டையும் ஒரே சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் வயதுக்கு வரும் சமயத்தில் உடம்பில் சதை போடுவது இயற்கை. வேகமாக உயர்வதும் அப்போதுதான். அந்த நேரத்தில் நீங்களாகவே தட்டில் கை வைக்காதீர்கள். சின்னவளைக் காட்டிய டாக்டரிடமே அவளையும் அழைத்துப் போய், உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எது சொன்னாலும் சரி, அவள் உடம்பைப் பற்றி அவள் காதுபட வீட்டில் யாரும் பேசக் கூடாது. நீங்கள் உட்பட.