விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கிதார்: கழுத்தைப் பார்ப்பதா, டோனைப் பார்ப்பதா?

கேள்வி: பல ஆண்டுகளாக நடுத்தர விலைக் கிதார் ஒன்றில் ப்ளூஸும் ராக்கும் வாசித்து வருகிறேன். இப்போது நல்ல கிதார் ஒன்று வாங்கப் பணம் சேர்ந்திருக்கிறது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், கிப்சன் லெஸ் பால், பி.ஆர்.எஸ். (பால் ரீட் ஸ்மித்) கஸ்டம் 24 ஆகிய மூன்றில் ஒன்றை வாங்க நினைக்கிறேன். என் கை சிறியது; தொடர்ந்து பார் கார்டு (ஒரு விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கார்டு) பிடித்தால் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. மெல்லிய கழுத்துதான் (இடக்கை பற்றும் நீண்ட பகுதி) எனக்கு ஏற்றது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா? டோனில், அதாவது ஒலியின் தன்மையில், இம்மூன்றுக்கும் இடையே உண்மையில் எவ்வளவு வேறுபாடு உண்டு?

பதில்: கழுத்துக்கே முதலிடம் கொடுங்கள். டோன் பிடிக்காமல் போனால் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) உயரத்தைத் திருகிச் சரிசெய்யலாம், பிக்கப்பையே மாற்றலாம், ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) மாற்றலாம். ஆனால் லெஸ் பால், கஸ்டம் 24 இரண்டிலும் கழுத்து உடலோடு பசையிட்டுப் பொருத்தப்படுவதால், அது கைக்கு ஒத்துவராவிட்டால் கிதாரை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்து மட்டும் திருகுகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், அதைக் கழற்றி வேறு வடிவக் கழுத்தைப் பொருத்திக்கொள்ள முடியும்.

கடைக்குப் போவதற்கு முன், இப்போதுள்ள கிதாரிலேயே ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) எஃப் பார் கார்டைப் பிடித்து, எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டில் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிக்கொண்டு, அதே வடிவத்தை இரண்டாம் ஃப்ரெட்டில் பிடியுங்கள். இப்போது கை வெகுவாக இலேசாகிவிட்டால், உங்கள் வலிக்குக் கழுத்தின் பருமன் காரணமல்ல. நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் உள்ள சிறு கட்டை) கம்பி உட்காரும் பள்ளங்கள் போதிய ஆழத்தில் வெட்டப்படவில்லை என்பதே காரணம். அதைச் சரிசெய்வது கிதாரைச் சரிப்படுத்தித் தரும் ஒரு நல்ல செட்டப் கலைஞருக்குச் சிறிது நேர வேலைதான். விலை உயர்ந்த கிதார்களிலும் இந்தக் குறை இருப்பதுண்டு என்பதால், கடையில் எடுத்துப் பார்க்கும் ஒவ்வொன்றிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் வலி நீடித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இனி, மெல்லிய கழுத்து. சிறிய கைக்கு மெல்லிய கழுத்து என்பது காதுக்கு நியாயமாகப் படும் அறிவுரைதான், ஆனால் பார் கார்டு விஷயத்தில் அது பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. முதல் ஃப்ரெட் அருகே சுமார் 20 மி.மீ. பருமனுள்ள கழுத்தில் உள்ளங்கைக்குப் பிடிமானம் கிடைக்காததால், முழு அழுத்தத்தையும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளுவதுபோல் கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வலி இருக்கும் இடமும் அந்தக் கிள்ளலைத் தாங்கும் தசைதான். 22 அல்லது 23 மி.மீ. கழுத்து உள்ளங்கையை நிரப்பி அந்தச் சுமையைக் கை முழுவதற்கும் பகிர்ந்துவிடுகிறது. பருமனைவிடவும் முக்கியம், பக்கவாட்டில் அதன் தோள்கள் எப்படிச் சரிகின்றன என்பது. ஒரே பருமனுள்ள இரு கழுத்துகளில் தோள் சரிந்தது சிறியதாகவும், தோள் உப்பியது பெரியதாகவும் கைக்குப் படும். ஆகவே விவரக் குறிப்பிலுள்ள எண்ணை மட்டும் நம்பித் தபாலில் வாங்கிவிடாதீர்கள். லெஸ் பாலில் 50-களின் உருண்ட கழுத்து, 60-களின் மெலிந்த கழுத்து என்று இரு வகைகள் கிடைக்கின்றன. கஸ்டம் 24-இலும் பேட்டர்ன் ரெகுலர், பேட்டர்ன் தின் என்று இரண்டு உண்டு. பிராண்டுக்கு ஒரு கழுத்து என்று எண்ணாமல், இந்த இரு வகைகளையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

சிறிய கைக்கு உண்மையில் உதவுவது ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் தங்கும் தாங்கி) வரை கம்பி அதிரும் நீளம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது 25.5 அங்குலம், பி.ஆர்.எஸ்-இல் 25, லெஸ் பாலில் சுமார் 24.75. நட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை விரல்கள் விரிய வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டால், ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் லெஸ் பாலுக்கும் வேறுபாடு 4 மி.மீ. மட்டுமே, கேட்க அற்பமாகத் தோன்றினாலும் சுண்டுவிரல் அதை உடனே உணரும். அதைவிடப் பெரிய விளைவு கம்பியின் இழுவிசையில் வருகிறது. ஒரே கம்பியை ஒரே சுருதியில் நிறுத்தும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், நீளத்திலுள்ள 3 சதவீத வேறுபாடு இழுவிசையில் 6 சதவீதமாகிவிடுகிறது. லெஸ் பாலில் பெண்டிங் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை உயர்த்துவது) வெண்ணெய்போல் வருவதாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் உணர்வது இதைத்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 10-க்குப் பதில் அதைவிட மெல்லிய 9 கேஜ் கம்பி மாட்டினால் இந்த வேறுபாடு மறைந்து, இன்னும் இலேசாகவே ஆகிவிடும்.

ஃப்ரெட்போர்டின் வளைவையும் கவனியுங்கள். பழைய ஃபெண்டர்களின் 7.25 அங்குல ஆரம் பார் கார்டுக்கு மிகவும் இதமானது, ஆனால் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) தாழ்வாக இருந்தால் மேல் ஃப்ரெட்டுகளில் முழு ஸ்வரம் பெண்ட் செய்யும்போது கம்பி அடுத்த ஃப்ரெட்டில் தட்டி ஒலி செத்துவிடும். இன்றைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பலவற்றின் 9.5, பி.ஆர்.எஸ்-இன் 10, லெஸ் பாலின் 12 ஆகிய ஆரங்களில் இந்தத் தொல்லை குறைவு. முதல் கம்பியைப் பதினைந்தாம் ஃப்ரெட்டில் ஒன்றரை ஸ்வரம் தள்ளிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

டோனில் வேறுபாடு உண்மையானது. அதன் பெரும்பகுதி பிக்கப்பிலும் அது உட்கார்ந்திருக்கும் இடத்திலும் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைக் காயில் (கம்பிச்சுருள்) பிக்கப் உச்ச அதிர்வெண்களைத் தெளிவாகத் தரும், கூடவே மின்கம்பிகளின் இரைச்சலையும் ஏந்தி வரும். அந்த இரைச்சலை அடக்கவே கிப்சனில் பணியாற்றிய செத் லவர், எதிரெதிர்த் துருவங்களோடு எதிர்த்திசையில் இணைந்த இரு காயில்கள் கொண்ட ஹம்பக்கரை வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரைச்சல் போன வழியிலேயே உச்ச அதிர்வெண்களில் ஒரு பங்கும் போய்விட, எஞ்சியது லெஸ் பாலின் பெயரைச் சொல்லும் அந்தத் தடித்த ஒலி. கஸ்டம் 24-இலும் ஹம்பக்கர்கள்தான். ஆனால் 24 ஃப்ரெட்டுகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் பிரிட்ஜை நோக்கி நகர்ந்திருக்கிறது. லெஸ் பாலின் அந்தப் பிக்கப்பிலிருந்து எழும் உருண்டை ஒலி இங்கே சற்று இறுகித்தான் வரும். காயிலைப் பிரித்து ஒற்றைக் காயிலாக வாசிக்கும் வசதி பி.ஆர்.எஸ்-இல் இருந்தாலும், அதில் கிடைப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சாயல் மட்டுமே.

மரத்தைப் பற்றிய வாதங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. பிக்கப்பை அரை மில்லிமீட்டர் உயர்த்தித் தாழ்த்தினாலே ஒலியில் தெளிவான மாற்றம் கேட்கிறது. உடலின் மரம் தருவதாகச் சொல்லப்படும் மாற்றத்தை அப்படிப் பிரித்துக் கேட்பது அரிது. மரத்தால் உங்களுக்கு உறுதியாகத் தெரியப்போவது எடைதான். லெஸ் பால் பல நேரங்களில் 4 கிலோவைத் தாண்டும் என்பதால், அதை நின்றுகொண்டும் வாசித்துப் பாருங்கள்.

மூன்றையும் ஒரே நாளில், ஒரே ஆம்ப்பில், டிஸ்டார்ஷன் இல்லாமல் தொடங்கி ஒப்பிடுங்கள். ஹம்பக்கர் கிதார் இயல்பாகவே உரக்க ஒலிக்கும், உரத்த ஒலி காதுக்கு எப்போதும் மேலானதாகவே படும். ஆகவே கிதார் மாறும்போதெல்லாம் ஒலியளவைச் சமப்படுத்துங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பியின் உயரத்தைச் சிறிய எஃகு அளவுகோலால் அளந்து, 1.5 முதல் 2 மி.மீ. வரை இல்லாவிட்டால் சரிசெய்து தரச் சொல்லுங்கள். செட்டப் கெட்ட நல்ல கிதார், செட்டப் செய்த சாதாரணக் கிதாரிடம் தோற்றுப்போவதைக் கடைகளில் அடிக்கடி காணலாம்.

நீங்கள் சொன்ன கைக்கும் இசைக்கும், பேட்டர்ன் ரெகுலர் கழுத்துள்ள கஸ்டம் 24-ஐ முதலில் எடுத்துப் பாருங்கள் என்பேன். அதன் ஸ்கேல் நீளம் மற்ற இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, ப்ளூஸ், ராக் இரண்டுக்கும் வளைந்து கொடுக்கிறது. தடித்த, நீண்டு நிற்கும் ஒலியே உங்கள் மனத்தில் இருந்தால் லெஸ் பாலுக்குப் போங்கள். பயன்படுத்திய லெஸ் பால் கிடைத்தால், நட்டுக்குப் பின்புறம் கழுத்தும் தலையும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தலை சுமார் 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் முறிவது அங்கேதான். நன்றாக ஒட்டப்பட்ட முறிவு வாசிப்பைக் கெடுக்காது, ஆனால் விலையில் அது கட்டாயம் பிரதிபலிக்க வேண்டும்.