தொண்டு நாடகக் குழுவுக்கு நிறுவனக் கூட்டாண்மை என்றால் என்ன, அது ஏன் தேவை?

லாப நோக்கமில்லாத நாடகக் குழுவும் ஒரு வணிக நிறுவனமும் இருவருக்கும் பலன் கிடைக்கும்படி செய்துகொள்ளும் ஏற்பாடுதான் நிறுவனக் கூட்டாண்மை. குழுவுக்குப் பணமோ, அச்சு வேலை மாதிரி உதவியோ வரும். நிறுவனத்துக்கு நிகழ்ச்சிக் கையேட்டில் பெயர், ஊழியர்களுக்கு இருக்கைகள், நடிகர்கள் நடத்தும் பேச்சுப் பயிற்சி என்று ஏதாவது கிடைக்கும்.

டிக்கெட் காசு மட்டும் ஏன் போதாது? பொருளாதார அறிஞர்கள் பாமோலும் போவெனும் 1966-இல் இதை விளக்கினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஆள் தேவை குறையும். ஐந்து பேர் நடிக்கும் நாடகத்துக்கு என்றைக்கும் ஐந்து பேர் வேண்டும், ஒத்திகையும் குறையாது. சம்பளமோ மற்ற துறைகளோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும்.

ஒரே திசையில் போகிற இருவர் ஒரே வண்டியில் ஏறிச் செலவைப் பகிர்வது போலத்தான் இந்தக் கூட்டாண்மை. அதனால் முதலில் திசையைப் பாருங்கள். பள்ளிகளுக்கு நாடகம் கொண்டுபோகும் குழுவுக்கு எழுதுபொருள் நிறுவனம் பொருந்தும். கடிதத்தில் "உதவுங்கள்" என்பதோடு நிறுத்தாமல் எத்தனை காட்சி, யார் பார்ப்பார்கள், எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். அப்புறம், நன்கொடைப் பிரிவோடு விளம்பரப் பிரிவையும் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பணம் தருபவர் கதையையும் மாற்றலாம் என்று நினைப்பது தவறு. கதையில் கைவைக்கும் உரிமை குழுவுக்கு மட்டுமே என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.