பாந்தியன் மாடலில் ஏன் இவ்வளவு சிவப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமிலுள்ள பழங்காலக் குவிமாடக் கோயிலான பாந்தியனின் லேசர் ஸ்கேன் மெஷ்ஷை (மேற்பரப்பின் வலை வடிவம்), கட்டடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விசைகளைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேரில் ஏற்றி, கன மீட்டருக்கு 2400 கிலோ எடையுள்ள ஒரே கான்கிரீட்டாக வைத்து ஓட்டிப் பார்த்தேன். குவிமாடத்தின் கீழ்ப்பகுதி முழுக்கச் சிவப்பு, அதாவது இழுவிசை மிக அதிகம். கம்பி இல்லாத கான்கிரீட் இந்த இழுவிசையைத் தாங்காதே. பிறகு எப்படி ஏறத்தாழ 1900 வருடமாக நிற்கிறது? என் மாடல் தப்பா?

கட்டடப் பொறியியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

தாங்காது என்பது சரி, தாங்கவும் இல்லை. குவிமாடத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஓடும் விரிசல்களை 1930களில் அதைப் பழுதுபார்த்த ஆல்பெர்ட்டோ தெரென்ஸியோ பதிவுசெய்தார். உங்கள் மாடல் சிவப்பு காட்டும் பகுதியும் அதுதான். அதாவது, விரிசல் விழுவதற்கு முன்பிருந்த கட்டடத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள். விரிந்தபின் அது ஆரஞ்சுச் சுளைகள்போலப் பிரிந்து, எதிரெதிர்ச் சுளைகள் உச்சித் துளையின் வளையத்தில் ஒன்றையொன்று தாங்கும் வளைவுகளாகிவிடுகிறது. வெளியே தள்ளும் விசையை, சுமார் 6 மீட்டர் தடிமனுள்ள வட்டச் சுவர் வாங்கிக்கொள்கிறது.

முதலில் நிறங்களை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். சிவப்பு என்பது உங்கள் மாடலின் உச்ச மதிப்பு மட்டுமே, ஆபத்தின் அளவு அல்ல. 1986இல் ராபர்ட் மார்க்கும் பால் ஹட்சின்சனும் வெளியிட்ட ஆய்வில் உச்ச இழுவிசை சுமார் 0.13 மெகாபாஸ்கல்தான், அதுவும் குவிமாடம் சுவரோடு சேரும் இடத்தில். குவிமாடத்தின் உட்குழிப் பெட்டிகளின் கூர்மூலைகளில் வரும் பெரிய எண்களை நம்பாதீர்கள். மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அவை ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது அடர்த்தி. உச்சிக்குப் போகப் போக ரோமானியர்கள் இலேசான கல்லைக் கலந்தார்கள். குவிமாடத்தின் கீழே சுமார் 1600 கிலோ, உச்சியில் சுமார் 1350 கிலோ என்று அடுக்கடுக்காகக் கொடுங்கள். முழுக்கச் சாதாரண கான்கிரீட் என்றால் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் உள்விசை) 80 சதவீதம்போல் கூடியிருக்கும் என்பது அதே ஆய்வின் கணிப்பு.

ஸ்கேன் மெஷ்ஷை அப்படியே ஏற்றியதும் வேண்டாத வேலை. ஸ்கேனருக்குத் தோல்தான் தெரியும், சதை தெரியாது. அதிலிருந்து ஒரு குறுக்குவெட்டை மட்டும் எடுத்துத் திருத்தி வரையுங்கள்: உள்விட்டம் 43.3 மீட்டர், உச்சியில் தடிமன் 1.2 மீட்டர், வெளிப்புறப் படிவளையங்கள். படிவளையங்களை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள், அவற்றின் எடை வேலை செய்கிறது. இந்த வெட்டை அச்சுச்சமச்சீர் மாடலாக, அதாவது நடு அச்சைச் சுற்றிச் சுழற்றிய வடிவமாக, ஓட்டலாம். சுவருக்குள் இருக்கும் மாடங்களையும் பொந்துகளையும் இது காட்டாது, ஆனால் குவிமாடத்துக்கு இது போதும். மில்லிமீட்டரில் வந்த ஸ்கேனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் சொந்த எடைத் தகைவு ஆயிரம் மடங்காகிவிடும். ஆதார விசைகளின் கூட்டுத்தொகை நீங்கள் கையால் தனியே கணக்கிட்ட மொத்த எடைக்குச் சமமா என்று பார்த்தாலே இந்தப் பிழை தெரிந்துவிடும்.

பிறகு விரிசல். இழுவிசை வரும் எலிமென்ட்களில் வளையத் திசையின் மீள்குணகத்தை (விறைப்பை) மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்காக்கி மறுபடி ஓட்டுங்கள். இழுவிசைப் பகுதி மேலேறும். அது ஓரிடத்தில் நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள்.

கடைசியில் கைக்கணக்கு. ஒரு வரிசைக்கு 28 பெட்டிகள் என்பதால் 28இல் ஒரு சுளையை எடுத்துத் துண்டுபோட்டு, எடைகளைக் குறித்து, உந்துகோட்டை (அழுத்த விசை கீழிறங்கும் பாதையை) வரையுங்கள். அது தடிமனுக்குள்ளேயே ஓட வேண்டும். 1740களில் ரோமின் புனித பேதுரு பேராலயத்தின் விரிசல் கண்ட குவிமாடத்தை இத்தாலியக் கணிதவியலாளர் போலெனி இப்படித்தான், எடைகள் கட்டிய சங்கிலியைத் தொங்கவிட்டுச் சோதித்தார். உந்துகோடும் மாடலும் ஒத்துவராவிட்டால் பிழையை மாடலில் தேடுங்கள். குவிமாடத்தின் அடியை அசையாமல் பூட்டியிருந்தால் வெளித்தள்ளும் விசையை அந்தப் பூட்டே விழுங்கிவிடும். வட்டச் சுவரையும் மாடலில் சேர்த்து, பூட்டை அஸ்திவாரத்துக்கு இறக்குங்கள்.