நீலக் குறியும் ஜூலை கேசட்டும்

அன்புள்ள அக்கா,

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். கல்யாணமாகி ஐந்து வருடம். சேர்ந்து இருந்தது மொத்தமே ஏழு மாதம். அங்கே வாட்ஸப் கால் எடுக்காது என்பதால் தினமும் ராத்திரி போட்டிம் என்கிற ஆப்பில் வீடியோ கால். ‘சாப்பிட்டியா’வுக்கு அப்புறம் அவருக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் வாட்ஸப்பில் நீலக் குறி விழுந்து பத்து நிமிடத்தில் நான் பதில் போடாவிட்டால் சண்டை. நாங்கள் சேர்ந்து எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் போட்டால் நெருக்கம் கூடும் என்கிறாள் தோழி. போடலாமா?

(பெயர் வேண்டாம்), அறந்தாங்கி

அன்புள்ள தங்கைக்கு,

படம் போடுவது உன் இஷ்டம். அதில் ஒன்றும் இல்லை.

நீலக் குறியைப் பற்றி எழுதினாயே, அதுதான் என்னை விடவில்லை. 2014 நவம்பரில் வந்தது அது. செட்டிங்ஸில் போய் இன்றே அணைத்துவிடு. அவரிடம் சொல்லிவிட்டே அணை. கோபப்பட்டால் படட்டும். பெண்டாட்டி எப்போது படித்தாள், ஏன் பதில் இல்லை என்று கணக்குப் பார்ப்பது கங்காணி வேலை. அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதே.

உன்னையும் சொல்ல வேண்டும். ஆறு பேர் படுத்திருக்கும் ரூமில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் மனசைத் திறந்து என்ன பேசுவான்? அந்த ரூமை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாயா?

என் அப்பா குவைத்தில் இருந்தார். ஊருக்கு வருகிற யாராவது அவர் பேசிய கேசட்டைக் கொண்டுவந்து தருவார்கள். அம்மாவுக்கென்று பேசியது ‘பி’ பக்கத்தின் கடைசியில் இருக்கும். எங்களைத் தூங்க வைத்துவிட்டுத்தான் அதைக் கேட்பாள். பதில் பேசும்போது எங்களை வாயை மூடச் சொல்வாள். ஆனால் டேப் ரிக்கார்டரை அடுப்பங்கரையில்தான் வைப்பாள். கடுகு பொரிகிற சத்தம் அதில் விழ வேண்டும் அவளுக்கு.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. கடிதம் இல்லை, போன் இல்லை. ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் அழைத்து வந்தன. அப்பா வந்து சேர செப்டம்பர் கடைசி ஆனது. அதுவரை ஜூலையில் வந்த கேசட்டைத்தான் அம்மா திரும்பத் திரும்பப் போட்டாள். நாடா சிக்கிக்கொள்ளும், பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வாள்.

நேற்று பேசிய வீடியோ காலில் இன்றைக்கு உன் கையில் என்ன மிச்சம், சொல்? வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. பத்து நிமிடம் பேசு. அடுப்படியில் நின்று பேசு. நடுவில் மாமியார் கூப்பிட்டால் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசு. சண்டை இருந்தால் அதையும் பேசு. பதில் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடு. விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது கேட்கட்டும், இரண்டு நாள் கழித்துப் பதில் பேசட்டும்.

அந்த ஜூலை கேசட் இப்போது என்னிடம் இருக்கிறது. நடுவில் யாரோ, “அண்ணே, குளிக்கப் போகலியா?” என்று கேட்கிறார். “இருப்பா, வீட்டோட பேசிக்கிட்டிருக்கேன்” என்கிறார் அப்பா.

அன்புடன்,
அக்கா