தடுக்கி விழ விரல் உயரம் போதும்

(குன்னூரில் பிசியோதெரபி பார்க்கும் நம் பகுதியாளரின் பதில்கள்)

கேள்வி: என் மாமியாருக்கு எழுபது வயது. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ரிட்டயர் ஆனவர். முதுகில் சுமையோடு சரிவில் ஏறி இறங்கிய காலத்தில் விழுந்ததே இல்லை. இப்போது சமதளமான ஹாலில் அடிக்கடி தடுக்கித் தடுமாறுகிறார். ‘கீழே பார்த்து நடக்கக் கூடாதா’ என்று என் கணவர் சத்தம் போடுகிறார். கவனம் குறைந்துவிட்டதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் உங்கள் கணவர் சத்தம் போடுவதை நிறுத்தட்டும். பயந்து பயந்து நடப்பவர்கள் காலை இன்னும் தேய்த்துத்தான் வைப்பார்கள்.

சமதளத்தில் நடக்கும்போது யாருக்குமே கால் அதிகம் உயராது. பின்னாலிருந்து முன்னால் வீசி வரும் பாதத்தின் நுனி, நடுவழியில் தரையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் மேலே இருக்கும். பாதம் மிக வேகமாக நகர்வதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அதனால் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் முக்காலி பெரிய ஆபத்தில்லை, அது கண்ணில் பட்டுவிடும். சுருண்டு நிற்கும் கால்மிதியின் மூலைதான் ஆளைத் தள்ளும்.

தேயிலைக் காட்டில் கதையே வேறு. கவாத்து வெட்டிய குச்சி, சில்வர் ஓக் வேர், கல் என்று ஒவ்வொரு அடியிலும் ஏதாவது கிடக்கும். அதனால் உங்கள் மாமியார் முழங்காலைத் தூக்கி வைத்தே நடந்து பழகியவர். வீட்டுத் தரையை நம்பி, கால் அந்த வேலையை விட்டுவிட்டது. வயதாகும்போது கணுக்காலை மேலே தூக்கும் தசையும் தளரும்.

சரி, இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். அவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போகும் வழியில் குனிந்து பாருங்கள். விரல் பருமனுக்கு மேடாக இருப்பதெல்லாம் சந்தேகத்துக்குரியது. நம் மலை வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை: குறுக்கே ஓடும் ஹீட்டர் ஒயர், குளிருக்குத் தரையில் விரித்த கம்பளம், தரை வண்ணத்திலேயே இருக்கும் நிலைப்படி. ஒயரைச் சுவரோரம் கொண்டுபோங்கள். கம்பளத்தை எடுத்துவிடுங்கள், ஓரத்தை ஒட்டிவைத்தாலும் நாளடைவில் எழும்பும். நிலைப்படியில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை அடியுங்கள். தரையில் புரளும் நைட்டியை மடித்துத் தைக்க வேண்டும். குதிகால் நிற்காத செருப்பும் வேண்டாம்.

இரண்டு பவர் கண்ணாடி போடுகிறாரா? அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் தரை மங்கும், படி கலங்கலாகத் தெரியும். படி இறங்கும்போது தாடையை நன்றாகத் தாழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். நடப்பதற்கென்று தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஸ்வெட்டர் பாக்கெட்டிலும் சால்வைக்குள்ளும் கையைச் செருகிக்கொண்டு நடப்பது நம் ஊர் வழக்கம். தடுக்கினால் உடம்பு முன்னால்தான் சாயும். கை வெளியே வருவதற்குள் முகம் தரையில் இருக்கும். குளிருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

எப்போதும் ஒரே கால்தான் தடுக்குகிறது, அதுவும் சமீபமாக என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நரம்போ முதுகெலும்போ காரணமாக இருக்கலாம். திடீரென்று ஒரு பக்கம் பலவீனமானால் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்கு. சர்க்கரை இருந்தால் பாத உணர்ச்சியையும் பரிசோதிக்க வேண்டும். தூக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கல் படிக்கட்டில் நான்காவது படியிலேயே விருந்தினர்கள் தடுக்குகிறார்கள். அதில் வெடிப்பு ஏதும் இல்லை.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: ஸ்கேல் எடுத்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து பாருங்கள். நான்காவது மற்றவற்றைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தாலே போதும். முதல் இரண்டு படியில் பழகிய உயரத்துக்கே கால் அடுத்தடுத்துத் தூக்கும், கண் மறுபடி அளக்காது. தினமும் ஏறும் நீங்கள் தப்பிப்பதும், புதிதாக வருபவர் தடுக்குவதும் இதனால்தான். கொத்தனாரை வைத்து உயரத்தைச் சமன் செய்வதுதான் சரியான வழி, போர்டு மாட்டுவது பலன் தராது. அதுவரைக்கும் எல்லாப் படிகளின் விளிம்பிலும் முழு அகலத்துக்கு வெள்ளைக் கோடு போடுங்கள். மூடுபனியில் சாம்பல் நிறக் கல் ஒரே பரப்பாகத்தான் தெரியும். பெயிண்டில் மெல்லிய மணல் கலக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழையில் அந்தக் கோடே வழுக்கும்.