ஐந்து பழைய ஜாஸ் பாட்டுகளுக்கு 1,800 டாலரா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பிழைப்பு கம்ப்யூட்டரில், மனசு கிளாரினெட்டில். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஜாஸ் ஆல்பம் பதிவு செய்து முடித்துவிட்டோம். ஒன்பது பாட்டில் ஐந்து எல்லோரும் வாசிக்கும் ஸ்டாண்டர்டுகள், நான்கு என் சொந்த மெட்டுகள். யாரும் பாடவில்லை, வாத்தியம் மட்டும்தான். 500 சிடி போடுகிறோம், மற்றபடி ஸ்ட்ரீமிங். லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒருவர் ஐந்து பாட்டுக்கும் சேர்த்து 1,800 டாலர் கேட்கிறார். நாங்கள் நடுவில் சோலோ (ஒவ்வொருவரும் தனியாகத் தன் கற்பனையில் வாசிப்பது) வாசித்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி வேண்டும் என்கிறார். என் சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து கொடுத்து, வரும்படியில் 20 சதவீதம் எடுத்துக்கொள்வாராம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த மனிதர் சட்டத்தை மீறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். நீங்களே செய்யக்கூடிய வேலைக்குப் பத்து மடங்கு விலை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' 1914, 'ஆஃப்டர் யூ'வ் கான்' 1918, 'மெமரீஸ் ஆஃப் யூ' 1930. அமெரிக்காவில் இந்தக் காலத்துப் பாட்டுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுதான் காப்பிரைட். 1930-இல் வெளியானவை 2026 ஜனவரி 1-ஆம் தேதி விடுபட்டன. ஆக மூன்று பாட்டுக்கு யாருக்கும் ஒரு காசு தரவேண்டாம். உங்கள் ஆள் அவற்றுக்கும் சேர்த்தே பில் போட்டிருக்கிறார்.

மிச்சம் இரண்டு: கோல் போர்ட்டரின் 'பிகின் த பிகைன்' (1935), எலிங்டனின் 'சாட்டின் டால்' (1953). இவற்றுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் அதைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது. 2025-இன் விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஆண்டுக்கு ஆண்டு விலைவாசியை ஒட்டிச் சில்லறை மாறும். பாட்டு ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் ஒரு பிரதிக்கு 12.7 சென்ட். தாண்டினால் நிமிஷத்துக்கு 2.45 சென்ட், உதிரி விநாடிகளும் முழு நிமிஷமாகவே எண்ணப்படும். 'சாட்டின் டால்' 4:50, எனவே 500 சிடிக்கு 63 டாலர் 50 சென்ட். 'பிகின் த பிகைன்' 7:20 ஓடுகிறது. எட்டு நிமிஷம் என்று எடுத்தால் பிரதிக்கு 19.6 சென்ட், 500-க்கு 98 டாலர். இரண்டும் சேர்ந்து 161 டாலர் 50 சென்ட். (டிரம்ஸ் சோலோவில் இருபது விநாடி குறைத்திருந்தால் இன்னும் 12 டாலர் மிச்சம். டிரம்மரிடம் சொல்லவேண்டாம்.)

சோலோ வாசித்தால் தனி அனுமதி என்பது சும்மா பயமுறுத்தல். ஏற்கெனவே ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாட்டை, கட்டணம் கட்டிவிட்டு யாரும் பதிவு செய்யலாம். இதுதான் சட்ட லைசென்ஸ். உங்கள் பாணிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அடிப்படை மெட்டையும் பாட்டின் குணத்தையும் மாற்றக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பாட்டின் மூல மெட்டை ஒழுங்காக வாசித்துவிட்டு நடுவில் எவ்வளவு சுற்றி வந்தாலும் ஜாஸ்காரர்களை இதற்காக யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. இந்த ஏற்பாடு 1909-இல், பியானோ ரோல் (துளையிட்ட காகிதச் சுருளால் பியானோ தானாக வாசிப்பது) காலத்தில் வந்தது. ஒரு பிரதிக்கு இரண்டு சென்ட் என்று அன்று வைத்த கட்டணம் 1977 வரை அப்படியே கிடந்தது என்றால் இந்த இலாகாவின் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம்.

உங்கள் சொந்த மெட்டுகளில் ஒன்று 'ஹௌ ஹை த மூன்' பாட்டின் கார்டுகள் (chords, மெட்டுக்கு அடியில் ஓடும் சுர அடுக்குகள்) மேல் கட்டியது என்று கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச்சமே வேண்டாம். கல்யாணி ராகத்துக்கு யாரும் பட்டா வாங்கமுடியாது, கார்டு வரிசையும் கிட்டத்தட்ட அப்படித்தான். சார்லி பார்க்கரின் 'ஆர்னிதாலஜி' அதே கார்டுகள் மேல் எழுந்த பாட்டுதான். மெட்டு உங்களுடையதாக இருந்தால் பாட்டும் உங்களுடையது. ஆனால் முதல் நான்கு பாரில் (தாளக் கட்டத்தில்) மூலப் பாட்டின் மெட்டு எட்டிப்பார்க்கிறதா என்று வெளியாள் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். 'ஆர்னிதாலஜி'யின் மெட்டும் எட்டிப்பார்க்கக் கூடாது, அதற்கும் சொந்தக்காரர் உண்டு. இன்னொன்று: ஸ்ட்ரீமிங்குக்கு ஏற்றும்போது இசையமைப்பாளர் என்ற கட்டத்தில் மரியாதைக்காக மூலப் பாட்டின் இசையமைப்பாளர் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். நன்றியைச் சிடி உறையில் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் எழுதினால் உங்கள் காசில் பங்கு அந்தப் பக்கம் போய்விடும், மீட்டுக்கொண்டுவர ஒரு வருஷம் மெயில் எழுதவேண்டும். என்னிடம் வந்த ஒரு குவார்டெட் இப்படித்தான் மாட்டியது.

இப்போது அந்த 20 சதவீதம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அமெரிக்காவில் ஒரே பாட்டுக்கு நாலு வாசல் ஏறவேண்டும். ஸ்ட்ரீமிங்கில் பாட்டை எழுதியவருக்கு வரும் மெக்கானிக்கல் பங்கை (பாட்டைப் பிரதி எடுப்பதற்கான கட்டணம்) எம்எல்சி என்ற அமைப்பு 2021 முதல் வசூலிக்கிறது. ரேடியோவிலும் கிளப்பிலும் வாசிக்கப்படுவதற்கான காசை ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ என்ற அமைப்பு வசூலிக்கிறது. இணைய ரேடியோவில் உங்கள் பதிவு ஒலிப்பதற்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற இன்னோர் அமைப்பு. உரிமைப் பதிவுக்கு வாஷிங்டன் காப்பிரைட் அலுவலகம். ஏன் நாலு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் வயிறு வளர்க்கிறார்கள். எம்எல்சியிலும் சவுண்ட்எக்ஸ்சேஞ்சிலும் சேர ஒரு காசு கிடையாது. காப்பிரைட் அலுவலகத்தில் ஒரே ஆல்பத்தில் வரும் மெட்டுகளை, இருபது வரை, 65 டாலருக்கு ஒரே படிவத்தில் பதியலாம். ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தால் முடிகிற வேலைக்கு ஆயுசுக்கும் ஐந்தில் ஒரு பங்கா?

பழைய பாட்டு ஸ்ட்ரீமிங்கில் ஓடினால் அதை எழுதியவருக்கான காசை அந்தந்த நிறுவனமே எம்எல்சியில் கட்டிவிடும். உங்களுக்கு வேலையில்லை. உங்கள் சொந்த இணையப் பக்கத்தில் டவுன்லோடாக விற்றால் மட்டும் சிடி மாதிரியே பிரதிக் கட்டணம் உங்கள் தலையில். வீடியோ வேறு கதை. இந்தச் சட்ட லைசென்ஸ் படத்துக்குச் செல்லாது.

உடன் வாசித்த நால்வரிடமும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: இவ்வளவு சம்பளம் பெற்றுக்கொண்டேன், பதிவின் உரிமை உங்களுக்கே என்று. இன்று நண்பர்கள்தான், சரி. எழுதி வாங்காவிட்டால் அந்த ஒலிப்பதிவில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நாளை சொல்ல அவர்களுக்கு இடமிருக்கிறது.

கடைசியாக, அவசரமான விஷயம். அந்த இரண்டு பாட்டுக்கும் சட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால், சிடி அச்சான 30 நாளுக்குள், அதுவும் முதல் பிரதி கை மாறுவதற்கு முன், உங்கள் பாட்டைப் பதிவு செய்கிறோம் என்று உரிமையாளருக்கு நோட்டீஸ் போயிருக்கவேண்டும். தவறினால் அந்தச் சிடிகளுக்குச் சட்டம் தரும் வழி அடைபட்டது. அப்புறம் அவர்கள் சொன்னதுதான் விலை. நோட்டீஸை நீங்களே எழுதுவது தலைவலி. ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் இணையதளத்தில் பாட்டுப் பெயரையும் பிரதி எண்ணிக்கையையும் கொடுத்து, கட்டணத்தோடு சிறு சேவைத் தொகை கட்டினால் லைசென்ஸ் வந்துவிடும். அடுத்த மாதம் சிடி பெட்டி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே கட்டிவிடுங்கள். அதுவரை மாமனாருக்குக்கூட ஒரு பிரதி கொடுக்காதீர்கள்.